மாப்பிள்ளையே ஓட்டிய லோரி

போன வெள்ளிக்கிழமை மம்பாவ் தாண்டி ஒரு ரோட்பிளாக். பட்டப்பகல். எனக்கு முன்னால் நாலைந்து கார்கள் நின்றன. என் முறை வந்ததும் ஓர் இளம் போலீஸ்காரர் கையைக் காட்டினார். ஓரமாக நிறுத்தினேன்.

நிறுத்தியவன் கண்ணாடியை இறக்கி லைசென்ஸை நீட்ட வேண்டியதுதானே? ஊர் உலகத்தில் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்? நான் என்ன செய்தேன் தெரியுமா — கதவைத் திறந்து இறங்கினேன். காருக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்பை வளைத்து, தலையைக் குனிந்தேன்.

பாவம், அந்தப் பிள்ளை பதறிப்போய்விட்டார். “பாச்சிக், சாக்கிட் பெரூட் கா?” என்றார். பெரியவரே, வயிற்று வலியா என்று மலாயில் கேட்கிறார்.

“இல்லை தம்பி, இது பழைய வியாதி” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அவர் லைசென்ஸைக்கூடப் பார்க்கவில்லை. பத்திரமாகப் போங்கள் என்று அனுப்பிவைத்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன செய்வது... சாலையில் ஒருவர் கையைக் காட்டினால் என் முதுகு தானாக வளைகிறது. மூளைக்குச் சேதி போவதற்குள் இடுப்பு வேலையை முடித்துவிடுகிறது.

என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். ஜப்பான்காரன் காலத்தில் சாலையில் காவல் போஸ்ட் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். சைக்கிளாக இருந்தாலும் லோரியாக இருந்தாலும் அதுதான் சட்டம். மறந்தால் கன்னம் வீங்கும். குனிந்தது போதாது என்று தோன்றினாலும் வீங்கும். சிலருக்கு அன்று மனநிலை சரியில்லை என்றாலும் வீங்கும்.

அப்போது நான் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் லோரி டிரைவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், தோட்டம் ஜப்பான்காரன் கைக்கு வந்துவிட்டது. ரப்பர் பாலுக்கு மதிப்பில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டார்கள். அந்தக் கிழங்கையும் விறகையும் ஏற்றி இறக்குவதுதான் என் வேலை.

பெட்ரோலுக்கு எங்கே போவது? லோரியே கரியில் ஓடியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், நான் அளப்பதாக நினைக்கிறார்கள். டிரைவர் அறைக்குப் பின்னால் பெரிய இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, பற்றவைத்து, கைவிசிறி சுற்றிச் சுற்றிப் புகையை வாயுவாக்கி இஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். சமவெளியில் மெதுவாக ஓடும். மேட்டில் ஏறவே ஏறாது. எல்லாரும் இறங்கி நடப்பார்கள். சில சமயம் நடப்பவர்கள் லோரியை முந்திப்போய், மேட்டு உச்சியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார்கள்.

இந்த லோரியின் குணம் தெரிந்தவர்கள் தோட்டத்தில் இரண்டே பேர். ஒருவர் என் சீனியர் டிரைவர். அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நான். லோரி ஓடும்வரை என்னைத் தொட மாட்டார்கள் என்பது எனக்கு ஒரு தைரியம். அதனால் அந்தக் கரி உருளையைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன்.

சிரித்துச் சிரித்து எழுதுவதால் அது நல்ல காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சயாம் போன என் கூட்டாளிகளில் பலர் திரும்பவில்லை. அதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது என் கல்யாணக் கதை.

சி ரூசா பக்கம் ஒரு தோட்டம். கிழங்கு ஏற்ற அங்கே போவேன். போனால் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டு நிற்கும். அங்கே மரகதம் என்ற பெண் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். முதலில் லோரி கொதித்ததால் தண்ணீர் வாங்கினேன். பிறகு கொதிக்காத நாளிலும் வாங்கினேன். அவளுக்கும் விஷயம் தெரியும். மூடியைத் திறந்து பார்த்து, “தண்ணி நெறைய இருக்கே, இன்னும் எங்க ஊத்தறது” என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

அவளுக்கு முறைப்பையன் ஒருவன் இருந்தான். அத்தை மகன் கோவிந்தன். ஆள் மோசமில்லை, ஆனால் மரகதத்துக்குப் பிடிக்கவில்லை. கட்டினால் லோரிக்காரனைத்தான் கட்டுவேன் என்று சோற்றைத் தொடாமல் கிடந்தாள். சோறு எங்கே இருந்தது? மரவள்ளியைத் தொடாமல் கிடந்தாள் என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் அவள் அப்பா இறங்கிவந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

“மாப்பிள்ள, லோரி பழுதாயிருச்சி, மழ பேஞ்சிச்சின்னு சாக்கு சொல்லிட்டு மத்தியானமா வந்து நிக்காதீங்க. முகூர்த்தம் தாண்டிச்சின்னா எங்கக்கா மகன் தாலி கட்டிருவான். கோச்சிக்கக் கூடாது. இந்தக் காலத்துல வயசுப் பொண்ண ஒரு ராத்திரி கூடுதலா வீட்டுல வச்சிருக்க எனக்குத் தெம்பு இல்ல லா.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டாளத்துக்காரன் கண்ணில் படாமலிருக்கப் பெண் பிள்ளைகளின் முகத்தில் கரியைப் பூசி வைத்திருந்த காலம் அது. கழுத்தில் தாலி இருந்தால் ஒரு காப்பு என்று பெற்றவர்கள் நம்பினார்கள். கல்யாணங்கள் அவசரம் அவசரமாக நடந்தன.

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் லோரியில்தான் போக வேண்டும். லோரியை ஓட்டத் தெரிந்தவன் யார்? மாப்பிள்ளைதான். இப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

என்னை வளர்த்தது அஞ்சலை அக்கா. அம்மா போனபின் அவர்தான் எனக்கு எல்லாம். அக்கா விடியும் முன்பே எழுந்து, எனக்கு நலுங்கு வைத்து, கையில் மஞ்சள் காப்புக் கட்டினார். பிறகு ஒரு கத்தியைக் கொண்டுவந்தார். ரப்பர் பால்மரம் சீவுகிற கத்தி. அதன் நுனியில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காப்புக் கட்டிய மாப்பிள்ளை, தாலி கட்டும்வரை இரும்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். காத்து கறுப்பு அண்டாது. ஊரில் அதற்கென்று தனிக் கத்தி வைத்திருப்பார்களாம். தோட்டத்தில் இரும்பு என்றால் சீவுகத்திதானே?

“இத இடுப்புல சொருவிக்க. தாலி கட்டுற வரைக்கும் ஒன்ன விட்டு இந்த இரும்பு தள்ளிப் போவக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார் அக்கா.

அடுத்த சங்கடம் வேட்டி. துணி கிடைக்காத காலம். சிலர் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் தோட்டம் முழுவதற்கும் பட்டுக்கரை வேட்டி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த வருஷம் கல்யாணமான அத்தனை மாப்பிள்ளைகளும் அதைத்தான் இரவல் வாங்கிக் கட்டினார்கள். அதில் கரி பட்டால் அடுத்த மாப்பிள்ளை என்னைச் சும்மா விடுவானா? அதனால் வேட்டியை நன்றாகச் சுருட்டி மேலே தூக்கிக் கட்டி, அதற்கு மேல் என் காக்கி அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டேன். இடுப்பு சுற்றிலும் பானை கவிழ்த்த மாதிரி வீங்கி நின்றது. அந்த வீக்கத்துக்குள் எலுமிச்சம்பழத்தோடு கத்தி.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணிதான் லோரிக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். போகும்போது சொந்தக்காரர்கள், வரும்போது தோட்டத்து விறகு. நானும் என் அக்காவும் முன்னால் உட்கார, பின்னால் பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள். கிளம்பும்போதே உருளை மூன்று தடவை இருமியது. என் முகத்தில் பவுடருக்கு மேல் ஒரு பூச்சு கரி ஏறிவிட்டது.

மம்பாவ் தாண்டிச் சிறிது தூரம் போனதும் காவல் போஸ்ட். வழக்கமாக அந்த இடத்தில் நிறுத்தி, குனிந்து, வணக்கம் வைத்துவிட்டுப் போவேன். அன்றும் நிறுத்தினேன். இறங்கினேன். குனிந்தேன்...

குனிய முடியவில்லை. வயிற்றைக் கத்தி தடுத்தது.

மறுபடியும் குனிந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம் அடிவயிற்றில் அழுத்தியது. அரை வணக்கத்தோடு நின்றுவிட்டேன்.

போஸ்ட் வாசலில் அன்று ஒரு ஜப்பான் சிப்பாய், அவனோடு ஒரு மலாய்க்காரக் கான்ஸ்டபிள். கான்ஸ்டபிளுக்கு நடுத்தர வயது, நல்ல மனிதர், என்னைத் தெரியும். சிப்பாய் புதுசு. மீசைகூட இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. ஆனால் கையில் துப்பாக்கி இருந்ததே. வயது என்னவாக இருந்தால் எனக்கென்ன.

என் அரை வணக்கத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. கிட்டே வந்து துப்பாக்கிக் கட்டையால் என் இடுப்பைத் தட்டினான். ‘ணங்’ என்று சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கான்ஸ்டபிள் என் சட்டைக்குள் கைவிட்டார். முதலில் பட்டுக்கரை வேட்டி ஒரு முழம் வந்தது. பிறகு கத்தி வந்தது. அதன் நுனியில் பழம்.

சிப்பாய் கத்தியைப் பார்த்தான். பழத்தைப் பார்த்தான். என் கரி முகத்தைப் பார்த்தான். துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். போஸ்ட்டில் ஆயுதத்தோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று லோரியில் இருந்தவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மரகதத்தின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. பக்கத்திலேயே கோவிந்தனின் முகமும் வந்தது, அதுதான் எரிச்சல்.

கான்ஸ்டபிள் என் கையில் இருந்த மஞ்சள் காப்பைக் கவனித்துவிட்டார். “தம்பி, நீ பெங்காந்தினா?” என்றார். மலாயில் கல்யாண மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அதுதான் பேர்.

“ஆமாங்க, எனக்குத்தான் கல்யாணம். இந்தக் கத்தி எங்க வழக்கம்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. மலாய்க்கார மாப்பிள்ளை இடுப்பில் கெரிஸ் என்ற குத்துவாளைச் செருகிக்கொண்டுதானே மணவறைக்குப் போகிறான்? ஒரு நாள் ராஜா என்று சொல்லி உட்கார வைக்கிறார்கள். அவர் சிப்பாயிடம் திரும்பி, கையையும் வாயையும் சேர்த்து ஆட்டி விளக்கினார். இவன் மாப்பிள்ளை, இது இவனுடைய கெரிஸ், ஏழைக் கெரிஸ்.

சிப்பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தான். லோரியைக் காட்டினான். ஸ்டீரிங் பிடிப்பதுபோல் கையை ஆட்டினான். பிறகு, “பொஹோங்” என்றான். பொய் என்று அர்த்தம்.

அவன் கேட்டது நியாயம்தானே? எந்த தேசத்தில் மாப்பிள்ளை முகமெல்லாம் கரியோடு தானே லோரி ஓட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறான்? நானே அந்தத் துப்பாக்கியைப் பிடித்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கத்தியைத் தன் பெல்ட்டில் செருகிக்கொண்டு, என்னைப் போஸ்ட்டுக்குள் போகச் சொல்லித் தள்ளினான். மேலதிகாரி வரும்வரை உட்கார்ந்திரு என்கிறான். மேலதிகாரி எப்போது வருவார்? மத்தியானமோ, சாயங்காலமோ. நான் வெளியே வருவதற்குள் கோவிந்தன் மறுவீடு போய்விட்டிருப்பான்.

அப்போதுதான் லோரிக் கதவு திறந்தது. அக்கா இறங்கினார்.

எங்கள் அக்காவுக்கு ஜப்பான்காரனிடம் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனால் சாங்கியம் தப்பிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது. நேரே சிப்பாயிடம் போய், முறையாகக் குனிந்து வணக்கம் வைத்தார். நிமிர்ந்தார். பேச ஆரம்பித்தார்.

“தே பாரு தம்பி. கத்தி ஒனக்குப் பயமா இருந்தா நீயே வச்சிக்க, நான் வேணாங்கல. ஆனா அது எந்தம்பிய விட்டுத் தள்ளிப் போவக்கூடாது. அவன் எங்க போறானோ அங்க அதுவும் போவணும். அதனால நீயும் ஏறு லோரியில.”

எனக்கு உயிரே போய்விட்டது. “அக்கா, சும்மா இரு” என்றேன்.

“நீ சும்மா இர்றா. கல்யாணம் ஒனக்கா அவனுக்கா?”

சிப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. கான்ஸ்டபிளைப் பார்த்தான். கான்ஸ்டபிளுக்குத் தமிழ் ஓரளவு தெரியும். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். “இந்தம்மா சொல்லுது, நீங்களே கூட வந்து பொண்ணு இருக்கான்னு பாக்கலாமாம். இருந்தா உண்மை. இல்லேன்னா அங்கேயே புடிச்சிக்கலாமாம்.” எங்கள் அக்கா சொன்னது இதுவா? இல்லை. ஆனால் இதைவிட நல்ல மொழிபெயர்ப்பை நான் இன்றுவரை கேட்டதில்லை.

சிப்பாய் எலுமிச்சம்பழத்தைத் தொட்டு, இது என்ன என்று கேட்டான். “ஹந்து... ஹந்து வராம இருக்க” என்றார் அக்கா. பேய் என்பதற்கு மலாய்ச் சொல். அந்த வார்த்தை அவனுக்குத் தெரிந்திருந்தது. கத்தியைப் பெல்ட்டிலிருந்து மெல்ல எடுத்து, பழம் விழுந்துவிடாமல் நேராகப் பிடித்துக்கொண்டான். போஸ்ட்டுக்குள் இருந்த இன்னொரு சிப்பாயிடம் ஏதோ கத்திச் சொல்லிவிட்டு, முன்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்காவும் கான்ஸ்டபிளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

ஏறினால் ஆயிற்றா? இஞ்சின் செத்துப்போயிருந்தது. கைவிசிறி சுற்றினோம். எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். கான்ஸ்டபிளும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினார். சிப்பாய் மட்டும் முன்னால் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

லோரி கிளம்பியதும்தான் எனக்கு உறைத்தது. வயசுப் பெண்களை ஒளித்துவைத்திருக்கிற ஊருக்கு, கல்யாண வீட்டுக்கு, நானே ஒரு ஜப்பான் பட்டாளத்துக்காரனை ஏற்றிக்கொண்டு போகிறேன். மாமனார் என்ன சொல்வார்? அதைவிட, இவன் அங்கே வந்து என்ன செய்வான்? அவனை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவனும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டு பேரும் முன்னால் திரும்பிக்கொண்டோம்.

மரகதத்தின் தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மேடு. வழக்கம்போல எல்லாரும் இறங்கினார்கள். சிப்பாயும் இறங்கினான். அக்கா விடுவாரா? “கிட்டயே நட. தள்ளிப் போவாத” என்று கையைக் காட்டி, அவனை என் கதவோரமாக நடக்க வைத்தார். நான் ஆமை வேகத்தில் ஏறுகிறேன். பக்கத்தில் தோளில் துப்பாக்கியும் கையில் கத்தியுமாக ஜப்பான்காரன் நடக்கிறான். பின்னால் கான்ஸ்டபிள். அதற்கும் பின்னால் தட்டுச் சுமந்த சொந்தக்காரர்கள்.

இந்தக் காட்சியை மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தோன்றும்?

அதேதான் தோன்றியது. யாரோ ஒருவர் ஓடிப்போய், “மாப்பிள்ளைய ஜப்பான்காரன் புடிச்சிட்டான், கத்தி வச்சிக் கூட்டிட்டு வர்றான்” என்று பந்தலில் சொல்லிவிட்டார். மேளம் நின்றது. பெண் பிள்ளைகள் லயத்து வீடுகளுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்கள். முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் மாமனார் தலையில் அடித்துக்கொண்டு, கோவிந்தனை மணையில் உட்காரச் சொல்லிவிட்டார். அவனும் உட்கார்ந்துவிட்டான். இதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னார்கள். மாலையைக்கூட அவன் கழுத்தருகே கொண்டுபோய்விட்டார்களாம்.

நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தோம். முதலில் சிப்பாய், நுனியில் பழம் செருகிய கத்தியோடு.

கல்யாணமாகாத வாலிபர்களைத்தான் சயாமுக்கு முதலில் பிடிக்கிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. கோவிந்தன் சிப்பாயைப் பார்த்தான். மணையிலிருந்து எழுந்தான். பந்தலின் பின்பக்கக் கீற்றைப் பிரித்துக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போனான். அவன் போன வேகத்தில் கீற்று திரும்ப மூடுவதற்கு நேரம் பிடித்தது. அன்று சாயங்காலம்தான் திரும்பி வந்தானாம். அவனுக்கும் பிறகு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, வாசகர்கள் வருத்தப்பட வேண்டாம்.

பந்தலில் இருந்த மற்ற எல்லாரும் எழுந்து குனிந்து நின்றார்கள். கல்யாணம் நடத்திவைக்க வந்த பண்டாரம் தேங்காயோடு குனிந்து நின்றார். உட்கார்ந்தபடியே இருந்தது ஒரே ஓர் ஆள்தான். மரகதம்.

முகத்தில் கரி பூசாமல் அன்றுதான் அவளைப் பார்க்கிறேன். மஞ்சள் பூசி, தலை நிறையக் காட்டுப்பூ வைத்து, மணையில் அப்படியே இருந்தாள். என்னைப் பார்த்தாள். சிப்பாயைப் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

சிப்பாய் அவளைக் காட்டி, “இனி?” என்றான். இவளா என்று கேட்கிறான். மாமனார் ஓரடி முன்னால் வந்தார். அவன் ஒரு கையை நீட்டினால் தடுக்க எங்களில் யாரால் முடியும்?

“ஆமா, பெங்காந்தின். இந்தத் தம்பிக்கு” என்றார் கான்ஸ்டபிள்.

சிப்பாய் என்னைப் பார்த்தான். காலியாகிவிட்ட மணையைப் பார்த்தான். என் முதுகில் கைவைத்து, அதில் உட்கார் என்று தள்ளினான். காலையில் போஸ்ட்டுக்குள் தள்ளிய அதே கைதான். இந்தத் தடவை வலிக்கவில்லை.

காக்கியைக் கழற்றினேன். பட்டுக்கரை வேட்டி கீழே இறங்கியது. அங்கங்கே கசங்கியிருந்தாலும் கரி படவில்லை. அக்கா என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, சிப்பாயை எனக்குப் பின்னால் நிறுத்தினார். மாப்பிள்ளைத் தோழன் நிற்கிற இடம். “கத்திய நிமிர்த்திப் புடி. தூங்கிறாத” என்றார். அவனும் நிமிர்த்திப் பிடித்தான்.

பண்டாரம் பதற்றத்தில் தாலியை என் கையில் கொடுப்பதற்குப் பதில் கான்ஸ்டபிளிடம் நீட்டிவிட்டார். அவர் “அய்யோ, எனக்கு வீட்டுல ஆள் இருக்கு லா” என்று சொல்லி என் பக்கம் தள்ளினார். பந்தலில் முதல் முறையாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மேளக்காரருக்கும் தைரியம் வந்து அடித்தார். நான் தாலி கட்டினேன்.

மூன்றாவது முடிச்சை அக்கா போட்டதும் சிப்பாய் முன்னால் வந்தான். கத்தியை இரண்டு கைகளாலும் பிடித்து என் முன்னால் வைத்தான். அவன் மொழியில் ஏதோ சொன்னான். வாழ்த்தாகத்தான் இருக்கும். எங்கள் இருவருக்கும் குனிந்து ஒரு வணக்கம் வைத்தான். எங்களுக்கு ஒரு ஜப்பான்காரன் குனிந்ததை அன்றுதான் பார்த்தேன், பிறகு பார்க்கவேயில்லை. அக்கா எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தார். “வச்சிக்க. ஒனக்கும் ஊர்ல அக்கா தங்கச்சி இருப்பாங்க. நல்லபடியா போய்ச் சேரு” என்றார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சாப்பிடலாம் என்று இலை முன்னால் உட்காரப் போனேன். கான்ஸ்டபிள் என் தோளைத் தட்டினார். மேலதிகாரி வருவதற்குள் சிப்பாய் போஸ்ட்டில் இருக்க வேண்டும். கொண்டுபோய் விடுவது யார்? லோரி ஓட்டத் தெரிந்தவன் யார்?

இலையை விட்டு எழுந்தேன். திரும்பவும் வேட்டியைச் சுருட்டி, காக்கியை மாட்டி, கரியைக் கொட்டி, விசிறி சுற்றினேன். மரகதத்தை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான், இப்போதே வரட்டும் என்று அக்கா அவளை என் பக்கத்தில் ஏற்றிவிட்டார். சிப்பாயும் கான்ஸ்டபிளும் விறகோடு பின்னால் உட்கார்ந்தார்கள். கான்ஸ்டபிள் மட்டும் கெட்டிக்காரர், இலைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார்.

கல்யாணமாகி நானும் அவளும் முதன்முதலில் தனியாக இருந்தது அந்த லோரியின் முன்பக்கத்தில்தான். மேடு இறங்கினோம். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“நீங்க கைதாயித்தான் வர்றீங்கன்னு நெனச்சேன்.”

“நெனச்சிட்டுமா கழுத்த நீட்டுன?”

“நெனச்சதாலதான் நீட்டுனேன்” என்றாள். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தாலி இல்லாம நான் யாரு ஒங்களுக்கு? எங்க கொண்டு போனாங்கன்னு எந்த ஆபீஸ்ல போயி நிக்கிறது? தாலி இருந்தா ‘எம் புருசன் எங்க’ன்னு கேக்க எனக்கு உரிம இருக்குமில்ல. அதுக்குத்தான் ஒக்காந்திருந்தேன்.”

அழுதுவிட்டேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. கண்ணில் கரி விழுந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

என்னைச் சயாமுக்குக் கொண்டுபோகவில்லை. லோரி காப்பாற்றிவிட்டது. அவளும் எந்த ஆபீஸ் வாசலிலும் போய் நிற்க வேண்டி வரவில்லை. ஆனால் இன்றைக்கும் நான் வீடு திரும்பக் கொஞ்சம் நேரமானால் போதும், வாசலில் இறங்கி நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் “எம் புருசன் எங்க” என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறாள்.

கேட்கட்டும். உரிமை இருக்கிறதே.